ஊசி போட்டதும் மயக்கம், படபடப்பு: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

தடுப்பூசி முகாம் நடக்கும் மாதங்களில் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, ஊசி மருந்தைவிட ஊசி என்ற அனுபவத்தைப் பற்றியவை. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் டிடி (டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பு) ஊசி போட்டார்கள். இரண்டே நிமிடத்தில் கண் இருட்டிக் கீழே விழுந்துவிட்டாள். அதைப் பார்த்து வரிசையில் நின்ற நான்கு பேருக்குத் தலைசுற்றல். "எல்லாம் நடிப்பு" என்று ஒருவர் சொல்லிவிட, இரண்டு நாளாக அழுதுகொண்டே இருக்கிறாள்.

முதல் வேலையாக அவளிடம் போய், அது நடிப்பு இல்லை என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள். தன் இதயத் துடிப்பை நினைத்த மாத்திரத்தில் யாராலும் குறைத்துக்கொள்ள முடியாது. அவள் உடம்பில் நடந்தது அதுதான். பயம், வலி, வெறும் வயிறு, வெயிலில் நின்ற களைப்பு எல்லாம் சேரும்போது வேகஸ் என்ற நரம்பு திடீரென்று வேகமெடுக்கிறது. துடிப்பு குறைகிறது, ரத்தக் குழாய்கள் தளர்கின்றன, ரத்தம் கால் பக்கம் இறங்கிவிடுகிறது. மூளைக்குப் போவது சில நொடி குறைந்ததும் கண் இருட்டுகிறது. படுக்க வைத்தால் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். சிலருக்குக் கை கால் லேசாக வெட்டி இழுக்கும். அதைக் காக்காய் வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வேண்டாம்.

பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் தலை சுற்றியதில் வியப்பில்லை. ஒருவர் விழுவதைப் பார்த்தாலே அடுத்தவர் உடம்பு ஆபத்துக்குத் தயாராகிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 2021 ஏப்ரலில் அமெரிக்காவில் ஐந்து கொரோனா தடுப்பூசி முகாம்களில், பெரியவர்களிடையே இதேதான் நடந்தது. 8,624 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். 64 பேருக்குத் தலைசுற்றல், வியர்வை, குமட்டல் என்று ஏதாவது வந்தது. 17 பேர் மயங்கியே விழுந்தார்கள். விசாரித்தபோது அவை பதற்றத்தால் வந்தவை என்று தெரிந்தது. ஊசிக்கு உடலும் மனமும் சேர்ந்து காட்டும் இந்த எதிர்வினைக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தனிக் கையேடு வெளியிட்டிருக்கிறது.

"நடிப்பு" என்ற ஒரு சொல்லால் அந்தப் பிள்ளை அடுத்த ஊசிக்கு இரண்டு மடங்கு பயப்படும். ஆசிரியர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். பயப்படும் பிள்ளையை முதலில் கூப்பிட்டு, திரைக்குப் பின்னால் படுக்க வைத்து ஊசி போட ஏற்பாடு செய்யுங்கள். போட்டவர்களும் காத்திருப்பவர்களும் ஒருவரையொருவர் பார்க்காதபடி உட்கார வைத்தாலே பாதிப் பிரச்சினை குறைந்துவிடும்.

கேள்வி: பயத்தால் வரும் மயக்கமா, மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று பக்கத்தில் இருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

கடுமையான ஒவ்வாமை அரிது, ஏறக்குறைய பத்து லட்சம் டோஸுக்கு ஒன்று. ஆனாலும் அலட்சியம் கூடாது.

பய மயக்கம் பெரும்பாலும் ஊசிக்கு முன்போ, போடும்போதோ, போட்ட சில நிமிடங்களிலோ வரும். முகம் வெளுக்கும், உடம்பு சில்லிட்டு வியர்க்கும், நாடி மெதுவாக இருக்கும். படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தால் நிறம் திரும்பும். ஒவ்வாமையில் நாடி வேகமாக ஓடும். தோலில் தடிப்பும் அரிப்பும் வரலாம், உதடும் கண்ணிமையும் வீங்கலாம், குரல் கம்மலாம், மூச்சில் விசில் சத்தம் கேட்கலாம், வாந்தி திரும்பத் திரும்ப வரலாம். படுக்க வைத்தாலும் சரியாகாது. அப்போது தேவை தொடையில் அட்ரினலின் ஊசி, அதுவும் உடனே. சந்தேகமாக இருந்தாலே செவிலியரைக் கத்திக் கூப்பிடுங்கள். நம் ஊரில் அரை மணி நேரம் உட்காரச் சொல்வது இதற்குத்தான். பேருந்து போய்விடும் என்று எழுந்து ஓடாதீர்கள். மயங்கி விழுந்து தலையில் அடிபடுவதுதான் மயக்கத்தைவிடப் பெரிய ஆபத்து.

அப்புறம், மயங்கியவரைச் சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். தூக்கி நிறுத்தாதீர்கள். நன்றாக நினைவு வரும் முன் வாயில் சோடா ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும்.

கேள்வி: ஊசி போட்ட பிறகு மூச்சு முட்டியது. உதட்டைச் சுற்றி மரத்துப்போய், விரல்கள் தானாக மடங்கி இறுகிக்கொண்டன. பக்கவாதமோ என்று பயந்துவிட்டேன்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டிருக்கிறீர்கள். அப்படி விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, கால்சியத்தின் சமநிலையும் மாறுகிறது. அதனால்தான் மரமரப்பும் விரல் இறுக்கமும். மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வாயால் விடுங்கள். சில நிமிடத்தில் விரல் தளரும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். உண்மையில் ஆஸ்துமாவாக இருந்தால் அது ஆபத்து. ஒரு பக்கக் கை கால் மட்டும் பலவீனமானாலோ, வாய் கோணினாலோ நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: வயது 34. ரத்தப் பரிசோதனைக்குப் போனாலும் விழுந்துவிடுகிறேன். என் அப்பாவும் இப்படித்தான். வழி இருக்கிறதா?

இருக்கிறது. இந்த வகைப் பயம் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது, வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1980களில் எளிய பயிற்சி ஒன்றை உருவாக்கினார். கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்குங்கள், முகத்தில் சூடு ஏறுவது தெரியும். பிறகு அரை நிமிடம் சாதாரண நிலைக்கு வாருங்கள், முழுவதும் தளர வேண்டாம். இப்படி ஐந்து முறை. ரத்த அழுத்தம் இறங்காமல் இது தாங்கிப் பிடிக்கும். ஒரு வாரம் வீட்டில் பழகிவிட்டுப் போங்கள். ஊசி போடும் கையை மட்டும் தளர்வாக வையுங்கள். சாப்பிட்டுவிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். "எனக்கு மயக்கம் வரும், படுத்துக்கொள்கிறேன்" என்று செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பள்ளி மாணவிகள் தடுப்பூசி போட்டு மயங்கிக் கிடக்கும் வெளிநாட்டு வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா?

நீங்கள் பார்த்தது எது என்று எனக்குத் தெரியாது. ஆனால் 2014-ல் கொலம்பியாவின் எல் கார்மென் டி பொலிவார் ஊரில் இப்படி நடந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி தடுப்பூசிக்குப் பிறகு நூற்றுக்கணக்கான சிறுமிகளுக்கு மயக்கம், மரமரப்பு. வீடியோக்கள் நாடு முழுக்கப் பரவின. அந்நாட்டு தேசிய சுகாதார நிறுவனம் ஆராய்ந்து, தடுப்பூசிக்குத் தொடர்பில்லை என்றது. ஆனால் "மனதால் வந்தது" என்று அறிவித்த விதம் பெற்றோரைக் காயப்படுத்தியது. முதல் டோஸ் போட்டுக்கொண்ட சிறுமிகளின் விகிதம் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2016-க்குள் சுமார் 14 சதவீதமாக விழுந்தது. அந்தச் சிறுமிகளின் வேதனை பொய்யில்லை. காரணம்தான் வேறு. வீடியோவைப் பகிராதீர்கள்.

கேள்வி: மயங்கி விழுந்தவர் அடுத்த டோஸ் போடலாமா?

போடலாம், படுத்துக்கொண்டு. ஒவ்வாமை என்று மருத்துவர் உறுதி செய்திருந்தால் மட்டும் அவரைக் கேட்காமல் போடக்கூடாது.

கேள்வி: மூன்று வயதுக் குழந்தையிடம் "வலிக்காது" என்று சொல்லிக் கூட்டிப் போகலாமா?

வேண்டாம். "எறும்பு கடிச்ச மாதிரி கொஞ்சம் வலிக்கும், அம்மா மடியில உக்காந்துக்கோ" என்று உண்மையைச் சொல்லுங்கள். அதோடு, "சாப்பிடலைன்னா டாக்டர் ஊசி போட்டுடுவார்" என்று மிரட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.