வாசகர் கேள்வி–பதில்: குடியரசு அமலுக்கு வந்த விதம்

"26-11-1949 அன்றே அரசமைப்பை ஏற்றுக்கொண்ட பிறகு 26-1-1950 வரை ஏன் காத்திருந்தார்கள்? முதல் பொதுத்தேர்தல் 1951-52இல்தான். அதுவரை நாடாளுமன்றம் எது?"
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், ஊட்டி

முழுக்கக் காத்திருக்கவில்லை. 394-வது பிரிவைப் படியுங்கள். 16 பிரிவுகள் 1949 நவம்பர் 26 அன்றே அமலுக்கு வந்துவிட்டன. யார் குடிமக்கள் என்று சொல்லும் 5 முதல் 9 வரை, குடியரசுத் தலைவரின் உறுதிமொழியைச் சொல்லும் 60, தேர்தல் ஆணையத்துக்கான 324, இடைக்கால ஏற்பாடுகளான 379, 380 ஆகியவை அவற்றில் முக்கியமானவை. காரணம் எளிது. குடிமகன் யார் என்று தெரியாமல் வாக்காளர் பட்டியல் போட முடியாது. முதல் நாளே பதவியேற்க ஒரு குடியரசுத் தலைவரும் வேண்டும். 380-வது பிரிவின்படி அவரை அரசியல் நிர்ணய சபையே தேர்ந்தெடுத்தது. 1950 ஜனவரி 24 அன்று ராஜேந்திர பிரசாத் போட்டியின்றித் தேர்வானார். உறுப்பினர்கள் அரசமைப்பில் கையெழுத்திட்டதும் அன்றுதான். மீதிப் பிரிவுகளுக்கு ஜனவரி 26-ஐக் குறித்தது, 1930இல் அந்த நாளில் பூரண சுயராஜ்ய உறுதிமொழி எடுக்கப்பட்டதால்.

அடுத்த கேள்விக்கு, 1956இல் நீக்கப்பட்ட 379-வது பிரிவு பதில் சொல்கிறது. அரசியல் நிர்ணய சபையே தற்காலிக நாடாளுமன்றமாக மாறியது. மாநிலங்களவை கிடையாது, ஒரே அவைதான். இதில்தான் சிக்கல் வந்தது. அரசமைப்பைத் திருத்த 368-வது பிரிவு இரு அவைகளின் ஒப்புதலைக் கேட்கிறது, இருந்ததோ ஒன்று. இடைக்காலத் தடைகளை நீக்க 392 தந்த அதிகாரத்தைக் கொண்டு, குடியரசுத் தலைவர் 368-ஐ ஓர் அவைக்கு ஏற்றபடி பொருத்தி ஆணையிட்டார். 1951இல் முதல் திருத்தம் இப்படித்தான் நிறைவேறியது. அதை எதிர்த்த சங்கரி பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாடு செல்லும் என்றது. பாடப்புத்தகங்கள் முகவுரையிலும் அடிப்படை உரிமைகளிலுமே நின்றுவிடுகின்றன. 369 முதல் 395 வரை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள் (379 முதல் 391 வரை 1956இல் நீக்கப்பட்டதால், அவற்றைப் பழைய பதிப்பில் பாருங்கள்). பழைய அரசு புதிய அரசாக மாறியதன் வேலைப்பாடெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

"எங்கள் நிலம் பற்றி வந்த வனத்துறை நோட்டீஸில் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் போட்ட சட்டம் இன்னும் செல்லுமா?"
– வாசகர், குந்தா

செல்லும். 395-வது பிரிவு ரத்து செய்தது 1947ஆம் ஆண்டு இந்திய விடுதலைச் சட்டத்தையும், 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தையும், பின்னதைத் திருத்திய சட்டங்களையும்தான். மற்றவையெல்லாம், உரிய சட்டமன்றம் மாற்றும்வரை தொடரும் என்கிறது 372. அது இல்லையென்றால் ஜனவரி 26 காலையில் தண்டனைச் சட்டமும் இருந்திருக்காது, நிலவரி வாங்க அதிகாரமும் இருந்திருக்காது. அடிப்படை உரிமைக்கு முரணான பகுதி மட்டும் 13(1)-இன்படி செல்லாது.

ஆகவே "பழைய சட்டம்" என்று வாதிட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் சர்வே எண்ணுக்கு அந்த 1882 வனச் சட்டத்தின் 4-வது பிரிவு அறிவிக்கை மட்டும் வந்திருக்கிறதா, விசாரணை முடிந்து 16-வது பிரிவில் காப்புக்காடு என்றே அறிவித்துவிட்டார்களா என்று பாருங்கள். முதலாவது என்றால் உங்கள் உரிமையை வன நிர்ணய அலுவலரிடம் ஆவணங்களோடு கோர வேண்டும்.

"தாத்தா பாட்டி சிலோனிலிருந்து 1970களில் தாயகம் திரும்பியவர்கள். பூர்வீகம் திருச்சிப் பக்கம். 1950இலேயே அவர்கள் இந்தியர் இல்லையா?"
– வாசகி, கோத்தகிரி

இல்லை. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு 8-வது பிரிவு வழிவைத்தது உண்மை. தான், பெற்றோர், தாத்தா பாட்டி ஆகியோரில் ஒருவராவது பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருந்தால் போதும். ஆனால் அது தானாகக் கிடைக்காது. அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரக அலுவலரிடம் விண்ணப்பித்துப் பதிவு செய்திருக்க வேண்டும். மலையகத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே வாழ நினைத்து இலங்கைக் குடியுரிமை கேட்டார்கள். 1948ஆம் ஆண்டு இலங்கைச் சட்டம் அதை மறுத்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் போட்ட விண்ணப்பங்களிலும் மிகப்பல தள்ளுபடியாயின. இரு நாட்டுக்கும் இல்லாமல் லட்சக்கணக்கானோர் நின்றது பெரும் அநியாயம்.

1964 அக்டோபர் 30 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றியது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். உங்கள் தாத்தா பாட்டியின் குடியுரிமைக்குச் சான்று, அங்கு பதிவு செய்த பத்திரமும் இந்தியப் பாஸ்போர்ட்டும்தான். லாமினேட் செய்து கெடுத்துவிடாதீர்கள், நகலெடுத்து வையுங்கள். 1-7-1987க்கு முன் இங்கே பிறந்த பிள்ளைகள் பிறப்பாலேயே குடிமக்கள். அன்றிலிருந்து 3-12-2004க்கு முன்வரை பிறந்தவர்களுக்கு, பிறந்தபோது பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலே போதும்.

"ஜென்மம் நிலச் சட்டம் ஒன்பதாவது அட்டவணையில் இருப்பதால் கோர்ட்டுக்கே போக முடியாது என்கிறார்கள். சரியா?"
– வாசகர், கூடலூர்

இப்போது சரியில்லை. அந்த அட்டவணையை உண்டாக்கியதே மேலே சொன்ன 1951 திருத்தம். அதில் வைத்த சட்டத்தை அடிப்படை உரிமையைக் காட்டி எதிர்க்க முடியாது என்பது ஏற்பாடு. 1969ஆம் ஆண்டு கூடலூர் ஜென்மம் (பரம்பரை நிலவுடைமை) எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் காடுகளை அரசுக்கு மாற்றும் பகுதி விவசாயச் சீர்திருத்தம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1972இல் அதைத் தள்ளியது. 1974இல் 34-வது திருத்தத்தின் மூலம் சட்டத்தை அட்டவணையில் சேர்த்தார்கள். அந்த வழக்குத் தொடர்ச்சியில்தான், 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள், 24-4-1973க்குப் பிறகு அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டத்தையும் ஆராயலாம் என்றார்கள். ஆனால் நிலம் போகிறது என்று சொன்னால் மட்டும் போதாது. நாடாளுமன்றமும் மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அந்த 24-4-1973 தீர்ப்பில் சொன்ன அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு எப்படிச் சிதைகிறது என்று காட்ட வேண்டும்; வழக்கறிஞரிடம் பேசும்போது முதலில் இதைக் கேளுங்கள்.