வாக்கர் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயருக்கு ‘நடப்பவர்’ என்றுதான் அர்த்தமா? ஜானி வாக்கர் விஸ்கி பாட்டிலில் ஒருவர் நடந்துபோவது அதனால்தானா?

பெயருக்கு அந்த அர்த்தம் இல்லை. பாட்டில்காரரைக் கடைசியில் பார்ப்போம், முதலில் பெயர்.

நான் திருப்பூரில் பதினாறு வருடமாக மெர்ச்சண்டைசர், அதாவது ஆடை ஆர்டர்களைக் கவனிப்பவர். எங்களிடம் சரக்கு எடுக்கும் இங்கிலாந்துக்காரர் ஒருவருக்குக் குடும்பப் பெயர் வாக்கர். முதல் தடவை வந்தபோது தங்கியிருந்த ஹோட்டலிலிருந்து கம்பெனிக்கு நடந்தே வந்துவிட்டார். “பேருக்கு ஏத்த மாதிரி நடக்கிறீங்களே” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கட்டிங் டேபிளில் விரித்திருந்த துணியைத் தட்டிக் காட்டி, “எங்க முன்னோர் நடந்தது ரோட்டில் இல்லை, இதுமேல” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பித்ததுதான்.

வாக்கர் என்பது துணித்தொழிலில் ஒரு வேலைக்காரரின் பெயர். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி அப்படியே சட்டை தைக்கிற மாதிரி இருக்காது. நெசவு கலகலவென்று இருக்கும், ஆட்டின் கொழுப்புப் பிசுக்கு போயிருக்காது. அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் ஒருவகைக் களிமண்ணும் சேர்த்து, மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. மிதிபட மிதிபட இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இறுகிவிடும். துணி நன்றாகச் சுருங்கித் தடித்து, குளிர்காற்று புகாததாக வெளியே வரும். எங்கள் தொழிலில் ஷ்ரிங்கேஜ், அதாவது துணி சுருங்கும் அளவு, 5 சதவீதத்தைத் தாண்டினாலே சரக்கு எடுக்கும் பையரோடு மல்லுக்கட்ட வேண்டும். அந்த மனிதர்களுக்குத் துணியைச் சுருக்குவதற்குத்தான் கூலி!

தொட்டியில் இன்னொரு சரக்கும் உண்டு. நாள்பட்ட மூத்திரம். அதில் ஊறும் அம்மோனியா பிசுக்கை எடுத்துவிடும். ரோமாபுரியிலும் துணி வெளுப்பவர்கள் இதைத்தான் பயன்படுத்தினார்கள். சேகரிக்கிற மூத்திரத்துக்குப் பேரரசர் வெஸ்பாசியன் வரியே போட்டார். ‘பணம் நாறாது’ என்ற வழக்கு அந்த வரியிலிருந்து பிறந்ததுதான். வட இங்கிலாந்தில் இந்தச் சரக்குக்கு ‘லான்ட்’ என்று தனிப்பெயரே உண்டு.

அந்தக் களிமண் நம் வீட்டிலும் இருக்கிறது. முகத்துக்குப் போடும் முல்தானி மிட்டி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் ‘ஃபுல்லர்ஸ் எர்த்’ என்று போட்டிருக்கும். ஃபுல்லர் என்றாலும் துணி மிதிப்பவர்தான். ‘ஃபுல்லோ’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆக ஒரே வேலைக்கு இங்கிலாந்தில் மூன்று குடும்பப் பெயர்கள். வடக்கிலும் நடுப்பகுதியிலும் வாக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், டெவன் போன்ற தென்மேற்குப் பகுதிகளில் டக்கர். டக்கர் என்பதற்கு அடியில் இருக்கும் பழைய ஆங்கில வினைச்சொல்லுக்குப் ‘படாதபாடு படுத்து’ என்று பொருள். துணியின் கண்ணோட்டத்தில் யோசித்தால் மிகப் பொருத்தமான பெயர். இந்தப் பெயர்கள் நிலைத்த காலத்து ஆவணங்களில் ஒருவர் வாக்கரா டக்கரா என்று பார்த்தே அவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

இந்த இடத்தில் பல இணையப் பதிவுகள் சறுக்குகின்றன. ‘துணிமேல் நடந்ததால் வாக்கர் என்று பெயர் வந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். எங்கள் பையர் சொன்னதும் அதுதான். உண்மையில் கதை தலைகீழ். பழைய ஆங்கிலத்தில் ‘வெயால்கன்’ என்ற வினைச்சொல்லுக்கு உருள், புரட்டு என்று பொருள். கடலில் அலை புரள்வதற்கும் அதுதான் சொல். துணியைப் புரட்டிப் பிசைபவர் ‘வெயால்கெரெ’. கால்நடையாகப் போவது என்ற பொருள் அந்த வினைச்சொல்லில் ஏறியது பிறகுதான். பேச்சில் அர்த்தம் மாறிவிட்டது, குடும்பப் பெயரில் மட்டும் பழைய அர்த்தம் உறைந்து நின்றுவிட்டது. ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் ‘வால்கன்’ என்றால் துணியை மிதித்து இறுக்குவதுதான். ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கம்பளியைத் தாளத்துக்கு அடித்துக்கொண்டே பாடும் பாட்டுகள் இருக்கின்றன. கம்பளியை அடிக்கும் அந்த வேலைக்கும் ஆங்கிலத்தில் ‘வாக்கிங்’ என்றுதான் பெயர், எழுத்துக்கூட்டல் மட்டும் கொஞ்சம் வேறு.

இன்னொரு வேடிக்கை. 12ஆம் நூற்றாண்டிலேயே தண்ணீரில் ஓடும் ஆலைகள் வந்து, காலின் வேலையை மரச்சுத்தியல்கள் செய்ய ஆரம்பித்துவிட்டன. சாதாரண ஜனங்களின் பட்டப்பெயர் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும் குடும்பப் பெயராக நிலைத்தது பெரும்பாலும் 13, 14ஆம் நூற்றாண்டுகளில். அப்படியானால் முதல் தலைமுறை வாக்கர்களிலேயே பலர் தொட்டியில் கால் வைக்காமல், ஆலை ஓட்டியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

மிதித்த துணியை அப்படியே காயவிட்டால் கோணிக்கொள்ளும். அதனால் வெட்டவெளியில் நீளமான மரச்சட்டம் நட்டு, வரிசையாகக் கொக்கிகளில் ஓரத்தை மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள். அந்தச் சட்டத்துக்கு ‘டென்டர்’ என்று பெயர். திருப்பூர்க்காரர்களுக்கு இப்போது பொறி தட்டியிருக்கும். நாம் தினமும் துணி அனுப்பும் ஸ்டென்டர் மெஷின் அதன் பேரப்பிள்ளைதான். இரண்டு பக்கமும் பின் குத்தி, அகலத்தை இழுத்துப் பிடித்து, சூடுகாட்டி வெளியே தள்ளும் அந்த மெஷினை இத்தனை வருடம் பார்த்தும் பெயரைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

எல்லா வாக்கரும் துணி வேலைக்காரரின் வாரிசு என்று அடித்துச் சொல்ல முடியாது. நியூகாஸில் நகரத்தில் வாக்கர் என்று ஒரு பகுதி இருக்கிறது. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய சதுப்பு நிலம் என்பது அந்த ஊர்ப்பெயரின் பொருள். அங்கிருந்து கிளம்பிய சில குடும்பங்களுக்கு ஊர்ப்பெயரே ஒட்டியிருக்கலாம். ஆனால் பிரிட்டனில் அதிகம் புழங்கும் முதல் இருபது குடும்பப் பெயர்களில் ஒன்றாக இது இருப்பதற்குக் கம்பளிதான் காரணம்.

பயன்பாடு என்று பார்த்தால், நாம் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டு முழிப்பது போல இல்லை அவர்கள் வழக்கம். பெயரின் கடைசியில் இருப்பதைத் தூக்கி முன்னாலும் நடுவிலும் வைத்துக்கொள்வார்கள். புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸுக்கு அது முன்பெயர். ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் அந்த டபிள்யூ வாக்கர்தான். அவருடைய அப்பாவின் தாய்வழித் தாத்தா ஜார்ஜ் ஹெர்பர்ட் வாக்கரிடமிருந்து வந்தது. தலைமுடிக்கான தைலம் விற்றுப் பெரும் செல்வந்தரான கறுப்பினப் பெண்மணி மேடம் சி. ஜே. வாக்கர், பிறந்தபோது சாரா பிரீட்லவ். வாக்கர் அவருடைய கணவர் பெயர். நம் நாட்டு ஜானி வாக்கர் கதை தனி. இந்தி நகைச்சுவை நடிகர் பத்ருத்தீன் காஜிக்கு, இயக்குநர் குரு தத் அந்த விஸ்கியின் பெயரையே சூட்டிவிட்டார்.

சரி, விஸ்கி. ஜான் வாக்கர் என்பவர் 1820இல் ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் மளிகைக் கடை வைத்தவர். குடும்பம் விவசாயக் குடும்பம். தொப்பியும் பூட்ஸும் கைத்தடியுமாக விறுவிறுவென்று போகிறாரே, அந்தப் படத்தை 1908இல் வரைந்தவர் டாம் பிரவுன் என்ற ஓவியர். ஜான் வாக்கர் இறந்து அப்போது ஐம்பது வருடம் ஆகியிருந்தது. பெயரை ‘நடப்பவர்’ என்று எடுத்துக்கொண்டு செய்த சிலேடை அது, அவ்வளவுதான். பெயரின் நிஜமான அர்த்தத்துக்குப் படம் போட்டிருந்தால், கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு மூத்திரத் தொட்டிக்குள் நிற்கும் ஒருவரைத்தான் வரைந்திருக்க வேண்டும். ஒரு பாட்டில் விற்றிருக்காது.