அவரைப் பற்றி ஐந்து நிமிடம்

கேள்வி: அம்மா, எங்கள் தியானக் குழுவை ஆரம்பத்திலிருந்து தாங்கி நின்ற நண்பர் போன மாதம் காலமாகிவிட்டார். நினைவுக் கூட்டத்தில் என்னை ஐந்து நிமிடம் பேசச் சொல்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் ‘அன்பானவர், பண்பானவர், தெய்வ மனிதர்’ என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. அவர் அளவுக்கு எனக்கு நம்பிக்கையும் கிடையாது. நான் பேசுவது சரியா?

பதில்: தாராளமாகப் பேசுங்கள். அந்த மூன்று வார்த்தைகளை மட்டும் அடித்துவிடுங்கள். உங்களுக்கு முன்னால் பேசுகிறவர்கள் எப்படியும் அதைத்தான் சொல்வார்கள்.

அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 235-ஆம் பாட்டு. அவன் பெரிய வீரன், வள்ளல் என்று அடுக்கிக்கொண்டே போயிருக்கலாம். அவர் எடுத்த எடுப்பில் சொல்வது, கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் சேர்ந்து குடிப்பான் என்பதைத்தான். அப்புறம், புலால் நாறும் என் தலையை நரந்தம் மணக்கும் தன் கையால் தடவுவான் என்கிறார். அந்த ஒரு கைக்கு முன்னால் மற்ற புகழெல்லாம் எம்மாத்திரம்!

எங்கள் குழுவிலும் ஒருவர் இருந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. யாராவது “எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்” என்றால் நாங்களெல்லாம் “கட்டாயம்” என்று தலையாட்டுவோம். அவர் நோட்டை எடுத்துப் பெயரை எழுதிக்கொள்வார். எதிரே விஷயம்: ‘இடது கண் ஆபரேஷன்’, ‘மகனோடு பேச்சு இல்லை’. சில வாரம் கழித்து அந்த ஆளைத் தனியாக நிறுத்தி, “கண் எப்படி இருக்கிறது?” என்பார். சரியாகிவிட்டது என்றால் ஒரு டிக் போடுவார். பெயரை அடிக்க மாட்டார். ஆளையே அடித்த மாதிரி இருக்கிறதாம். அவருடைய கூட்டத்தில் நான் அந்த நோட்டைப் பற்றித்தான் பேசினேன். தன் பெயரும் அதில் இருந்திருக்குமோ என்று பலர் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது.

நம்பிக்கை விஷயத்தில், இல்லாததை இருப்பதாகக் காட்ட வேண்டாம். அவர் கண்மூடி உட்கார்ந்திருக்கையில் நீங்கள் பக்கத்தில் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தீர்களா? அதையே சொல்லுங்கள். அப்படிப்பட்ட உங்களை அவர் எப்படி நடத்தினார் என்பது உங்களுக்குத்தானே தெரியும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: குறையையும் சொல்லலாம். நம்ம நோட்டுக்காரர் நேரத்தில் மகா பிடிவாதம். ஒரே ஒருவர் வந்திருந்தாலும் ஆரம்பித்துவிடுவார், தாமதமாக வருகிறவருக்கு ஒரு முறைப்பு நிச்சயம். அதைச் சொன்னபோது முதலில் சிரித்தது அவர் மனைவிதான். வீட்டுக்காரர்கள் கேட்டுச் சிரிக்கக்கூடிய குறை என்றால் சொல்லுங்கள். விளக்கம் கொடுத்துச் சமாளிக்க வேண்டியது என்றால் விட்டுவிடுங்கள்.

எழுதிவைத்தே படியுங்கள். தொண்டை அடைத்தால் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரலாம்.

கேள்வி: நெருங்கிய தோழர் மறைந்து பல மாதங்கள் ஆகின்றன. “குடும்பத்தாரே தேறிவிட்டார்கள், உனக்கென்ன?” என்கிறார்கள் வீட்டில். துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டாமே, நான் எந்தப் படியில் நிற்கிறேன்?

பதில்: எந்தப் படியிலும் இல்லை. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்தையும் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் எழுதினார். தீராத நோயில் இருந்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியது அது. சாவை எதிர்நோக்கியிருப்பவர்களின் மனநிலை. இறந்தவரை நினைத்துத் துக்கப்படுகிறவர்களுக்கும் அதையே ஏணியாகச் சாத்திவிட்டார்கள். உங்கள் நிலைமைக்குப் பொருத்தமானது துக்கத்தைப் பற்றி ஆராய்ந்த கென்னத் டோக்கா 1989-இல் சொன்னது. சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளாத துக்கம் ஒன்று உண்டு என்றார் அவர். நண்பர்களுடையது பெரும்பாலும் அந்த வகை. உறவுக்காரருக்கு ஆறுதல் சொல்ல ஆள் வரும், விடுப்பு கிடைக்கும். நண்பன் மறுநாளே வேலைக்குப் போக வேண்டும். வீட்டில் வாதாடிப் பிரயோஜனமில்லை. உங்கள் தோழரை அறிந்த இன்னொருவரைத் தேடிப்போய்ப் பேசுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டு, அன்றாட வேலையே ஓடவில்லை என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மறைந்துபோன நண்பருடைய மகளுக்குக் கடிதம் எழுத நினைக்கிறேன். தாமதமாகிவிட்டதோ?

பதில்: இல்லை. முதல் வாரம் வருகிற செய்திகளை யாரும் முழுசாகப் படிப்பதில்லை, கூட்டம் வடிந்த பிறகு வருவதைத்தான் எடுத்து வைத்துக்கொள்வார்கள். அந்தப் பெண்ணுக்குத் தெரியாத ஒரு சம்பவத்தை எழுதுங்கள். அப்பாவின் வெளியுலகம் பிள்ளைகளுக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். ‘ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்லம்மா’ என்று முடிக்காதீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள். என்ன செய்ய முடியும், எந்தக் கிழமை வர முடியும் என்று எழுதுங்கள். பதில் போட வேண்டியதில்லை என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.