தங்கமும் வெள்ளியும் கலந்த நானோ துகள் சாயத்தின் ஒளிர்வைக் கூட்டும் என்கிறார்களே, ஏன் கலக்க வேண்டும்? வெறும் வெள்ளி போதாதா?

ஒளிர்வைக் கூட்ட வெள்ளி ஒன்றே போதும். ஆனால் அது நிலைக்காது, எல்லாச் சாயத்துக்கும் பொருந்தவும் செய்யாது. நிலைக்காததற்கு, கொலுசு கறுக்கிற அதே காரணம்தான்: காற்றிலிருக்கும் கந்தகச் சேர்மங்கள். நானோ அளவில் பரப்பு மிக அதிகம் என்பதால் இன்னும் சீக்கிரம் கெடும். எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக ஆறு மாதம் இதோடு மல்லுக்கட்டினேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

துகள்மேல் ஒளி படும்போது அதிலுள்ள எலக்ட்ரான்கள் ஒன்றாகச் சேர்ந்து ஊசலாடும். குறிப்பிட்ட ஒரு நிறத்துக்கு அந்த ஆட்டம் உச்சத்துக்குப் போகும். அப்போது துகளை ஒட்டிய சில நானோமீட்டருக்குள் மின்புலம் எகிறும். அங்கே இருக்கும் சாய மூலக்கூறு கூடுதலாக ஒளியை உறிஞ்சும், உறிஞ்சியதைச் சீக்கிரமாக வெளியிடவும் செய்யும்.

தண்ணீரில் சிறிய வெள்ளித் துகளுக்கு அந்த நிறம் அலைநீளக் கணக்கில் 400 நானோமீட்டர் பக்கம், தங்கத்துக்கு 520. என் சாயம் ஃப்ளோரசீன், 490இல் உறிஞ்சிப் பச்சையாக ஒளிரும். வெள்ளி எட்டவில்லை. தங்கம் பக்கத்தில் இருந்தாலும் 520க்குக் கீழே வரும் ஒளியைத் தானே விழுங்கி வெப்பமாக்கிவிடும். கலப்புலோகத்தின் வசதி இங்கேதான்: விகிதத்தை மாற்றினால் உச்சமும் ஏறக்குறைய நேர்க்கோட்டில் நகரும். 3 பங்கு தங்கம், 1 பங்கு வெள்ளி என்றால் 490 பக்கம் வந்து நிற்கும். (இது புதுசும் இல்லை. பிரிட்டிஷ் மியூசியத்திலுள்ள, 4ஆம் நூற்றாண்டு ரோமானிய லைகர்கஸ் கிண்ணத்தின் கண்ணாடியில் தங்க–வெள்ளிக் கலப்புத் துகள்கள் இருக்கின்றன. வெளியே வெளிச்சம் பட்டால் பச்சை, உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பு.)

சொல்வது சுலபம். முதல் நாள் தங்க குளோரைடு கரைசலில் சில்வர் நைட்ரேட்டை ஊற்றியதும் குடுவை முழுக்க வெள்ளையாகக் கலங்கிவிட்டது. பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் எழுதுவோமே, "தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு", அதேதான்! குளோரைடு இருக்கும் இடத்தில் வெள்ளியைப் போட்டால் வேறென்ன வரும்? அப்புறம் இரண்டையும் நன்றாக நீர்க்கவிட்டு, கொதிக்கும்போதே, கரைந்திருக்கும் உலோகத்தைத் துகளாக்கும் சிட்ரேட் சேர்த்ததும் செம்மஞ்சள் நிறம் வந்தது. எந்த நிறத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலையில் ஒரே உச்சம் இருந்தால் கலப்புலோகம் என்று ஓரளவு நம்பலாம். 400இலும் 520இலும் இரண்டு மேடுகள் தெரிந்தால் தங்கமும் வெள்ளியும் தனித்தனியாகவே மிதக்கின்றன.

அடுத்த அடி இன்னும் பெரியது. சாயத்தை நேராகத் துகளில் ஒட்டவைத்தேன். ஒளிர்வு கூடவில்லை, கிட்டத்தட்ட அணைந்தே போனது. 5 நானோமீட்டருக்குள் நெருங்கினால் சாயம் தன் ஆற்றலை உலோகத்திடம் பறிகொடுத்துவிடும். தூரம் போனாலோ மின்புலமே கிடைக்காது. அதனால் துகளைச் சுற்றி சிலிக்கா (கண்ணாடி போன்ற பொருள்) ஓடு போட்டு, அதன்மேல் சாயத்தைக் கட்டினேன். சுமார் 10 நானோமீட்டர் ஓட்டில்தான் பலன் தெரிந்தது. என்னைக் கேட்டால், விகிதத்தைவிட இந்த இடைவெளிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

கிடைத்தது இரண்டு மடங்குக்குச் சற்று மேல். நூறு மடங்கை எதிர்பார்த்து வந்தவனுக்கு ஏமாற்றம்தான். ஆனால் ஃப்ளோரசீன் உறிஞ்சியதில் 90 சதவீதத்தை ஏற்கெனவே ஒளியாகத் திருப்பித் தருகிற சாயம். வெளியிடும் பக்கத்தில் அதற்கு மேல் கூட்ட என்ன இருக்கிறது? உறிஞ்சும் பக்கத்தில் மட்டும்தான் லாபம். நீங்களும் செய்வதாக இருந்தால் மங்கலாக ஒளிரும் சாயமாக எடுங்கள். அளக்கும் முன் மையவிலக்கியில் சுற்றி, ஒட்டாமல் மிதக்கும் சாயத்தை இரண்டு மூன்று முறை கழுவி எடுத்துவிடுங்கள். என் முதல் "ஏழு மடங்கு" அந்த மிதக்கும் சாயத்தால் வந்ததுதான்.