ரத்தப் பரிசோதனை: குழாயும் ஊசியும் செய்யும் குழப்பங்கள்

கேள்வி: காய்ச்சல் இல்லை, ரத்தக்கசிவும் இல்லை. பிளேட்லெட் (தட்டணு) 40,000 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எப்படி?

பதில்: இயல்பு அளவு மைக்ரோலிட்டருக்கு 1.5 லட்சம் முதல் 4 லட்சம் வரை. அறிகுறியே இல்லாமல் எண்ணிக்கை மட்டும் சரிந்திருந்தால் குழாய் மீதும் ஒரு சந்தேகம் வையுங்கள். ஊதா மூடிக் குழாயில் உள்ள ஈடிடிஏ என்ற ரசாயனம், கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ரத்தம் உறையாமல் காக்கும். சிலருக்கு அதே ஈடிடிஏ தட்டணுக்களைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைத்துவிடும். கொத்தை மெஷின் தட்டணுவாக எண்ணாது. ஸ்மியர் போட்டு (ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிதாகத் தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்து), அதன் மெல்லிய ஓரத்தில் கொத்துகள் தெரிகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்தால், வெளிர்நீல மூடி சிட்ரேட் (ரத்தம் உறையாமல் காக்கும் வேறொரு ரசாயனம்) குழாயில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்க வேண்டும். 9 பங்கு ரத்தத்தோடு 1 பங்கு சிட்ரேட் கரைசல் கலந்திருக்கிறதல்லவா, அதற்கான ஈடு அது. எடுத்தவுடன் ஈடிடிஏ குழாயை 8 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தாவிட்டாலும் உள்ளே ரத்தம் உறைந்து இதே பொய்க்கணக்கு வரும்.

கேள்வி: அப்படியானால் வேகமாகக் குலுக்கிவிடலாமே?

பதில்: கூடவே கூடாது. சிவப்பணு உடையும். அதற்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே உள்ளதைப் போலப் பல மடங்கு. உடைந்தால் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் பொய்யாக ஏறும். மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வெடுக்கென்று இழுத்தாலும் இதேதான். ஊதா குழாயை நிரப்பிய பிறகு சீரம் குழாயை (ரத்தத்தை உறையவிட்டு மேலே பிரியும் நீரைச் சோதிக்கும் குழாய்) நிரப்புவதும் தவறு: ஈடிடிஏ பொட்டாசிய உப்பு, ஒரு துளி கலந்தாலும் பொட்டாசியம் கூடும், கால்சியம் குறையும். ஆனால் பொட்டாசியம் 7 என்று மிக அதிகமாக வந்தால் லேப் தவறு என்று நீங்களே ஒதுக்கிவிடாதீர்கள். இசிஜியும் மறுபரிசோதனையும் அன்றே வேண்டும்.

கேள்வி: "நரம்பு கிடைக்கலை" என்று நாலு இடத்தில் குத்துகிறார்கள். ஏன்?

பதில்: தேடுவது நரம்பை அல்ல, சிரையை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயை. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவருவது தமனி. தமனிக்கும் சிரைக்கும் சுவர் மூன்று அடுக்குதான். தமனியில் நடு அடுக்கு தசையும் மீள்நாரும் சேர்ந்து தடிப்பாக இருக்கும். சிரையில் அது மெலிவு, உள்ளே அழுத்தமும் குறைவு. நீர்ச்சத்து குறைந்தால் அமுங்கிப்போகும். முழங்கை மடிப்பின் நடுச்சிரைதான் முதல் தேர்வு. சுண்டுவிரல் பக்கச் சிரைக்கு அடியில் தமனியும் நிஜமான நரம்பும் ஓடுவதால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்வார்கள். ஷாக் அடித்தது போல விரல்வரை இழுத்தால் உடனே சொல்லுங்கள், ஊசியை எடுத்தாக வேண்டும். டூர்னிகேட் (கையில் இறுக்கிக் கட்டும் பட்டை) 1 நிமிடத்துக்கு மேல் இருந்தால் நீர் திசுவுக்குள் கசிந்து புரத அளவு கூடிக் காட்டும்.

கேள்வி: எடுத்த பிறகு கையை மடக்கி வைப்பது?

பதில்: வேண்டாம். நீட்டியபடி பஞ்சால் 2, 3 நிமிடம் அழுத்துங்கள். மடக்கினால் துளை சரியாக அழுந்தாமல் தோலடியில் ரத்தம் கட்டும்.