என் உடம்பில் கெட்ட அணுக்களா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது, தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டு நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சேலத்துக்கு இறங்கி ரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறோம். ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணு) மாற்றும் சிகிச்சைக்கு அவன் அக்காவின் செல் பொருந்தவில்லை. நான் பாதிப் பொருத்தம். "உங்கள் செல்லில் கெட்டதை எடுத்துவிட்டுத்தான் கொடுப்போம்" என்கிறார்கள். என் உடம்பில் கெட்ட அணுக்கள் இருக்கின்றனவா, டாக்டர்?
- ஒரு தாய், ஏற்காடு

பதில்: உங்களிடம் கெட்ட அணு எதுவும் இல்லை அம்மா. பிள்ளைக்கு இந்த நோய் நம்மால் வந்ததே என்று ஏற்கெனவே அழுதிருப்பீர்கள். இதையும் சேர்த்துச் சுமக்காதீர்கள்.

அவர்கள் எடுக்கப்போவது டி செல் என்ற வெள்ளையணு. உங்கள் உடம்பில் கிருமியைத் தேடி அழிக்கும் அதே அணு, மகனுக்குள் போனதும் வேற்றிடம் என்று நினைத்து அவன் தோல், குடல், கல்லீரலைத் தாக்கும். ஜி.வி.எச்.டி. என்பது இதுதான். பாதிப் பொருத்தத்தில் இந்த அபாயம் அதிகம்.

நான் கஞ்சமலை அடிவாரத்தில் வளர்ந்தவள். ஓடை மணலில் காந்தத்தை இழுத்தால் கறுப்பு இரும்பு மணல் மட்டும் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். ஆய்வகத்திலும் கிட்டத்தட்ட அதே வேலைதான். உங்களுக்கு நாலைந்து நாள் ஊசி போட்டு, ரத்தத்தை ஓர் இயந்திரம் வழியாக ஓட்டி ஸ்டெம் செல்லைச் சேகரிப்பார்கள். டி செல்லை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகளை இணைத்து அதில் கலப்பார்கள். காந்தத்துக்கு நடுவே உள்ள குழாயில் விட்டால் டி செல் ஒட்டிக்கொள்ளும், ஸ்டெம் செல் கீழே இறங்கிவிடும். அதிலும் இப்போது ஆல்பா-பீட்டா வகையைத்தான் எடுக்கிறார்கள். காமா-டெல்டா வகை கிருமியை எதிர்க்கும், ஜி.வி.எச்.டி.யைப் பெரும்பாலும் உண்டாக்காது, அதனால் விட்டுவைக்கிறார்கள்.

1980-களில் டி செல் மொத்தத்தையும் நீக்கிப் பார்த்தார்கள். ஜி.வி.எச்.டி. குறைந்தது. ஆனால் புதிய மஜ்ஜை ஒட்டாமல் போவதும், ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு நோய் திரும்புவதும் கூடின. மிச்சமிருந்த புற்றணுக்களை அழித்துவந்ததும் அந்த டி செல்தான்! உங்கள் மகனுக்குப் புற்றுநோய் இல்லை. ஜி.வி.எச்.டி.யால் அவனுக்குத் துளி லாபமும் கிடையாது. அதனால் டி செல்லை நீக்கச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. எதையும் பிரிக்காமல் கொடுத்துவிட்டு, மூன்றாம் நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைடு மருந்தை ஏற்றுவார்கள். தாக்கக் கிளம்பி வேகமாகப் பெருகும் டி செல்கள் அதில் அழியும், ஸ்டெம் செல் தப்பிவிடும். செலவும் குறைவு. உங்களுக்கு எது என்று கேளுங்கள்.

அப்புறம், வைரஸ். டி செல் குறைந்திருக்கும் மாதங்களில் சி.எம்.வி. (சைட்டோமெகலோ வைரஸ்) போன்றவை தலைதூக்கும். வாராவாரம் அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டா என்பதையும் கேளுங்கள். சிகிச்சைவரை, ரத்தம் ஏற்றுவதால் உடம்பில் சேரும் இரும்பைக் குறைக்கும் மாத்திரையை ஒருநாளும் விடாதீர்கள்.

முதல் நூறு நாள் மலைக்குத் திரும்பாமல் மருத்துவமனை பக்கத்திலேயே வீடு பாருங்கள். உள்ளங்கையில் சிவப்புத் தடிப்பு, வயிற்றுப்போக்கு, கண்ணில் மஞ்சள் என்று எது தெரிந்தாலும், இரவு இரண்டு மணியானாலும், உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போக அப்போது நேரமிருக்காது.