பேஸ் கிட்டாருக்கு எந்த ஆம்ப் வாங்கலாம்? கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் பக்கம் மேடையில் பேஸ் வாசிப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. கையில் தூக்கிப் போகக்கூடிய காம்போ, அதாவது ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது, அதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

லாஸ்பேட்டை: அண்ணா, நாங்கள் நான்கு பேர் கொண்ட பேண்ட். ஒயிட் டவுன் மாடிக் கஃபேக்களில் வாசிக்கிறோம். எத்தனை வாட்ஸ் வாங்கினால் போதும்?

உங்கள் டிரம்மர் எப்படி அடிப்பார் என்பதைப் பொறுத்தது தம்பி. கஹோன் என்ற பெட்டி டிரம் வைத்துக்கொண்டு அடக்கமாக வாசிக்கும் செட் என்றால் 40, 50 வாட்ஸும் ஒரு 10 இன்ச் ஸ்பீக்கரும் போதும். முழு டிரம் செட், குச்சியால் அடி என்றால் 100 வாட்ஸுக்குக் கீழே இறங்காதீர்கள். 200க்கு மேல் இருந்தால் நிம்மதி. கிட்டார் வாசிப்பவர் 30 வாட்ஸில் சமாளிக்கிறாரே என்று பார்க்காதீர்கள். பேஸின் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அவ்வளவு கீழே காற்றைத் தள்ளப் பவர் நிறைய வேண்டும், அந்த ஒலிக்கு நம் காதும் மந்தம்.

வாட்ஸை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது. 100 வாட்ஸ் 200 ஆனால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பவர் பத்து மடங்கு ஆக வேண்டும். அதே 3 டெசிபலை நல்ல ஸ்பீக்கர் சும்மாவே தந்துவிடும். ஒரு வாட்டுக்கு 97 டெசிபல் தருவதற்குப் பதில் 100 தரும் ஸ்பீக்கர் இருந்தால், பாதிப் பவரில் அதே சத்தம். ஆகவே வாட்ஸைப் படித்துவிட்டு முடிவு செய்யாமல், உங்கள் டிரம்மரைக் கடைக்கே அழைத்துப் போங்கள்.

மாடியில் சுற்றிச் சுவர் இல்லாததால் அடி ஒலி, அதாவது தாழ்ந்த ஸ்வரங்களின் ஒலி, வெளியே போய்விடும். இருக்கும் ஒரு சுவரை ஒட்டித் தரையில் வையுங்கள், ஒரு வாட்ஸும் செலவில்லாமல் அடி ஒலி கூடும். அப்புறம், பிளக்கைச் செருகுவதற்கு முன் அந்தக் கஃபே சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள்.

மஞ்சக்குப்பம்: கடலூரிலிருந்து பாண்டிக்கு ஸ்கூட்டரிலோ பஸ்ஸிலோதான் வருகிறேன். எவ்வளவு எடை வரை தாங்கும்?

பத்துப் பதினோரு கிலோ. கிளாஸ் டி என்ற லேசான வகை ஆம்ப் வந்த பிறகு எடை நிறையக் குறைந்துவிட்டது, நியோடிமியம் காந்தம் போட்ட ஸ்பீக்கர் என்றால் இன்னும் குறையும். 12 இன்ச் ஸ்பீக்கரோடு வரும் ஃபெண்டர் ரம்பிள் 100 சுமார் 10 கிலோ. பஸ்ஸில் காலடியில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு 10 இன்ச் உள்ள ரம்பிள் 500 பதினாறு கிலோவைத் தாண்டும், அதற்குக் கண்டக்டர் லக்கேஜ் கேட்பார். பீச் ரோட்டில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். தோளில் பேஸ், ஒரு கையில் ஆம்ப், மறு கையில் வயர் பை என்று நடந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ரம்பிள் 500 பற்றி இன்னொன்று. உள்ளே இருக்கும் ஸ்பீக்கருக்கு மட்டும் 350 வாட்ஸ்தான் போகும். வெளியே இன்னொரு 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டி சேர்த்து, மின்தடை மொத்தம் 4 ஓமாகக் குறைந்தால்தான் 500. பல காம்போக்களில் இப்படித்தான், பெயரில் உள்ள எண் வேறு, மேடையில் கிடைப்பது வேறு.

முத்தியால்பேட்டை: பிரான்சிலிருந்து மாமா வருகிறார். அங்கேயே வாங்கிவரச் சொல்லலாமா? அமெரிக்காவில் அக்கா வீட்டுக்காரரும் இருக்கிறார்.

மாமாவிடம் சொல்லலாம். பிரான்சிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் அந்த வயரை அப்படியே செருகாதீர்கள். பிரெஞ்சு பிளக்கின் இரண்டு உருண்டைக் கம்பிகள் நம் சாக்கெட்டில் தொளதொளவென்று போய் உட்கார்ந்துகொள்ளும், ஆம்ப்பும் ஓடும், எர்த் மட்டும் சேராது. பலருக்கு இது தெரிவதே இல்லை. கம்ப்யூட்டருக்குப் போடும் மூன்று பின் பவர் கார்டு இங்கே எந்த எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும், ஆம்ப்பின் பின்பக்கத்தில் அதே வாய்தானா என்று பார்த்து மாற்றிவிடுங்கள்.

அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட். பின்தகட்டில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் சரி. வெறும் 120 என்று இருந்தால் இங்கே செருகிய நொடியே கருகும். வெளிநாட்டில் வாங்கியதற்கு இங்கே வாரண்டி கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெல்லிக்குப்பம்: 15 இன்ச் ஸ்பீக்கரில்தானே பேஸ் நன்றாக வரும்? என்னுடையது ஐந்து கம்பி.

அளவை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பெட்டியின் கொள்ளளவும் அதன் வடிவமைப்பும்தான் அடி ஒலியைத் தீர்மானிக்கின்றன. நல்ல 12 இன்ச், சுமாரான 15 இன்ச்சைத் தோற்கடிக்கும். ஐந்தாவது கம்பியின் பி ஸ்வரம் 31 ஹெர்ட்ஸ். கையில் தூக்கும் எந்தக் காம்போவும் அதை முழுசாகத் தராது, நீங்கள் கேட்பது பெரும்பாலும் அதன் மேல் அடுக்கான 62 ஹெர்ட்ஸைத்தான். அது தெளிவாக இருந்தால் போதும். கடையில் பி கம்பியை ஓங்கி மீட்டிப் பாருங்கள், ஸ்பீக்கர் படபடத்தால் வேண்டாம்.

வில்லியனூர்: கோயில் திருவிழாவில் மைக் செட்காரர் ஆம்ப்பிலிருந்து லைன் கேட்கிறார். எதைக் கொடுப்பது?

ஆம்ப்பிலிருந்து மைக் செட்டுக்கு ஒலியை அனுப்பும் டி.ஐ. அவுட் என்ற மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர். வாயைக் கொடுங்கள். அது இல்லாத காம்போவை மேடைக்கென்று வாங்கவே வேண்டாம். பக்கத்தில் பிரீ, போஸ்ட் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் பிரீயில் வையுங்கள், நீங்கள் ஆம்ப்பின் ஈக்யூவை, அதாவது பேஸ், டிரெபிள் குமிழ்களைத் திருகினால் வெளியே ஒலி மாறாது. ஹெட்ஃபோன் வாயிலிருந்து லைன் கொடுக்காதீர்கள், பல ஆம்ப்களில் அதைச் செருகினால் ஸ்பீக்கர் நின்றுவிடும்.

குயிலாப்பாளையம்: ஆம்ப்பே எதற்கு? காலடியில் வைக்கும் சின்னப் பிரீஆம்ப் பெடலிலிருந்து நேராக மிக்சருக்குப் போகிறேன். பையில் அடங்கிவிடுகிறது. இளைஞர்களை ஏன் பெட்டி சுமக்கச் சொல்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. பெரிய மேடை, வாசிப்பவர் பக்கம் திருப்பி வைத்த நல்ல மானிட்டர் ஸ்பீக்கர், பேஸைத் தனியாக ஏற்றித் தரும் சவுண்ட் ஆள் என்றால் நீங்கள் சொல்வது சரி. இங்கே எத்தனை இடத்தில் அது கிடைக்கிறது? கஃபேயில் ஸ்டாண்டில் இரண்டு ஸ்பீக்கர், ஒரு சின்ன மிக்சர், மானிட்டருக்கு ஒரே ஒரு ஆக்ஸ், அதாவது மிக்சரிலிருந்து தனியாகப் போகும் லைன். அந்த ஆக்ஸில் பாடகரின் குரல்தான் இருக்கும். மக்களுக்கு உங்கள் பேஸ் கேட்கும், உங்களுக்கும் டிரம்மருக்கும் கேட்காது. காம்போ கூட்டத்துக்காக இல்லை, மேடையில் இருக்கும் நான்கு பேருக்காக. அதனால்தான் வாட்ஸை விட டி.ஐ.யையும் எடையையும் பார்க்கச் சொல்கிறேன்.

அரியாங்குப்பம்: நான் டிரம்மர். அண்ணா சொல்வது உண்மை. எங்கள் பேஸ் ஆள் பெடலோடு வந்த அன்று, பாட்டு எங்கே திரும்புகிறது என்று அவர் விரலைப் பார்த்துத்தான் வாசித்தேன்.

எழுதியதற்கு நன்றி. பேஸ் வாசிப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

குயிலாப்பாளையம்: டிரம்மருக்குக் காதில் மாட்டும் இன்-இயர் மானிட்டர் வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது. நீங்கள் பழைய முறையிலேயே நிற்கிறீர்கள்.

இன்-இயரில் கேட்க வேண்டுமானால் பேஸை அனுப்பத் தனி ஆக்ஸ் வேண்டும், இருக்கும் ஒன்றைப் பாடகர் எடுத்துக்கொண்டார் என்றுதானே சொன்னேன். சொந்த மிக்சர், ஒலியை இரண்டாகப் பிரித்துத் தரும் ஸ்பிளிட்டர், இன்-இயர் எல்லாம் வாங்கிச் சுமக்கும் பேண்ட் என்றால் உங்கள் வழி அருமை, நானே கைதட்டுவேன். முதல் ஆம்ப்புக்கே பணம் சேர்த்துக்கொண்டிருப்பவருக்கு அது வழியில்லை. பெடலில் லைன் கொடுத்து, பக்கத்தில் 10 கிலோ காம்போவும் வைத்துக்கொண்டால் சண்டையே இல்லை. 

பாகூர்: அண்ணா, எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?

லாஸ்பேட்டைத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: கல்யாண மண்டபத்துக்கு 100 வாட்ஸ் போதுமா? போன தடவை மேடையில் ஒரே குமுகுமு சத்தம்.

வாட்ஸ் கேள்விக்கு மேலே பதில் இருக்கிறது, இனி அதைக் கேட்காதீர்கள். உங்கள் இரண்டாவது விஷயம்தான் பேச வேண்டியது. மண்டப மேடை பல இடங்களில் பலகை, கீழே வெற்றிடம். ஆம்ப்பைப் பலகை மேல் வைத்தால் மேடையே சேர்ந்து அதிரும். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கேட்டு வாங்கி அதன் மேல் ஏற்றுங்கள். ஸ்பீக்கர் காதுக்குப் பக்கமாக வரும், வால்யூமும் குறைக்கலாம். பிறகும் குமுறினால் 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் இறக்குங்கள், பேஸ் குமிழை ஏற்றாதீர்கள்.

மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடும்போது எர்த்தை மறுபடி பாருங்கள். மைக் செட் ஒரு கரண்ட் லைனில், ஆம்ப் வேறு லைனில், ஒன்றில் எர்த் இல்லை என்று வையுங்கள். கை பேஸ் கம்பியில் இருக்கும், கோரஸ் பாட உதடு மைக்கில் படும், கரண்ட் உங்கள் உடம்பு வழியாகப் பாயும். இதில் உயிரே போகலாம். மைக் செட் கரண்ட் எடுத்த அதே போர்டிலிருந்து உங்களுக்கும் லைன் கேளுங்கள். சாக்கெட்டில் செருகினால் மூன்று விளக்கு எரியும் டெஸ்டர் மலிவாகக் கிடைக்கிறது, கிட்டார் பையில் போட்டு வையுங்கள். இரைச்சல் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அதற்குத்தான் டி.ஐ. பக்கத்தில், மிக்சருக்குப் போகும் ஒலி வயரின் எர்த்தை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது.

உப்பளம்: லீட் கிட்டாருக்கு எந்த டிஸ்டார்ஷன் பெடல் நல்லது?

என் துறை இல்லை. கிட்டார் வாசிப்பவரிடம் கேளுங்கள்.

ரெட்டியார்பாளையம்: வீட்டில் கிட்டார் ஆம்ப் இருக்கிறது. அதிலேயே பேஸ் வாசிக்கலாமா?

வீட்டில், மெதுவாக, சரி. மேடையில் ஏற்றினால் ஸ்பீக்கர் கோன் தாங்காது.

காலாப்பட்டு: ஜூன் 21 இசை தினத்துக்குத் தெருவில் வாசிக்கப் போகிறோம். பிளக் கிடையாது.

பேட்டரி ஆம்ப்தான். ரோலண்ட் மைக்ரோ கியூப் பேஸ் ஆர்.எக்ஸ். ஆறு டபுள் ஏ பேட்டரியில் ஓடும், நான்கு 4 இன்ச் ஸ்பீக்கர். பவர் சொற்பம், அதனால் அகௌஸ்டிக் கிட்டாரும் கஹோனும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டிரம் செட்டோடு எடுபடாது.

சாரம்: 200 வாட்ஸ் போதுமா?

மேலே படியுங்கள்.

கடலூர் முதுநகர்: கடற்கரையை ஒட்டி வீடு. ஆம்ப் ஜாக் எல்லாம் கரகரக்கிறது. புது ஆம்ப்பே வாங்க வேண்டுமா?

வேண்டாம். உப்புக் காற்று ஜாக்கிலும் வால்யூம் குமிழிலும் படிந்திருக்கும். ஆம்ப்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை ஜாக்கில் கொஞ்சம் அடித்து, கிட்டார் வயரைப் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுங்கள். குமிழ்களை முழுசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகுங்கள். காய்ந்த பிறகு போடுங்கள். அப்படியும் கரகரத்தால் மெக்கானிக்கிடம் கொடுங்கள், நீங்களே பெட்டியைத் திறக்க வேண்டாம், அணைத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் கரண்ட் நிற்கும். வீட்டில் இருக்கும்போது துணி உறை போடுங்கள், பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் தங்கும். உங்கள் வீட்டு எர்த் கம்பியையும் ஒரு எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கடலோரத்தில் அதுவும் சீக்கிரம் அரித்துப்போகும்.